நான்காம் புள்ளியின் சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸ் போனேன், வந்தேன். பிப்ரவரி மாத ஒலி அளவுகள் வந்திருக்கின்றன. அளவெடுத்த ஐந்து புள்ளிகளில் நான்கு சரி. நான்காம் புள்ளி மட்டும் இடிக்கிறது. நான்காம் புள்ளி என்பது எங்கள் வீட்டுப் பின்புறம்.

அத்தை தட்டை மூடி வைத்திருந்தார். சாப்பிட்டேனா என்று யோசித்தால் நினைவில்லை. தட்டு கழுவி இருக்கிறது. சாப்பிட்டிருப்பேன்.

மகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அத்தை. அவள் போய் ஐந்து மாதம். இப்போது மருமகனைப் பார்த்துக்கொள்கிறார். எப்போது கிளம்புவீர்கள் என்று நான் கேட்கவில்லை. கிளம்புகிறேன் என்று அவரும் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

"கடல்ல காத்தாடி சுத்தி கரண்ட் வருதுன்னா நேரா வீட்டுக்கு வர வேண்டியதுதானே மாப்ள? நடுவுல எதுக்கு ஒரு கட்டடம்?"

அத்தை இப்படி ஏதாவது கேட்பதே என்னைப் பேச வைக்கத்தான். தெரிந்தும் பதில் சொன்னேன். எழுபது கிலோமீட்டர் கடலடியில் வரும் கேபிள். வீட்டில் இருப்பது திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்ட்; அதை அவ்வளவு தூரம் அனுப்பினால் வழியிலேயே கேபிள் தின்றுவிடும். அதனால் கடலிலேயே ஒரு மேடை கட்டி ஒரே திசையில் ஓடும் டிசியாக மாற்றி அனுப்புவோம். கரையில் ஒரு கன்வெர்ட்டர் நிலையம், அதைத் திரும்ப ஏசியாக மாற்றும்.

"மூட்டை கட்டி அனுப்பிச்சு, இங்க வந்து அவுக்கற மாதிரி."

"அதேதான் அத்தை."

"அவுக்கும்போது சத்தம் வருமா?"

வரும். நிலையம் வரப்போகிற பொட்டல் எங்கள் பின்சுவரிலிருந்து முந்நூறு மீட்டர். குளிர்விக்கும் விசிறிகளும் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து எங்கள் வரிசை வீடுகளின் பின்பக்கம் முப்பத்து மூன்று டெசிபல் வரும் என்பது கணக்கு. இரவில் இப்போது இருக்கும் பின்னணிச் சத்தத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. பின்னணி என்றால் நாய், வண்டி, கதவு எல்லாவற்றையும் கழித்துவிட்டால் அடியில் மிஞ்சுவது.

போன ஆகஸ்டில் அது முப்பத்து நான்கு. ஒரு டெசிபலில் பாஸ். இந்த பிப்ரவரியில் இருபத்தொன்பது.

மார்ச் 6, வியாழன்

ஒலி அளக்கிறவரை ஆபீஸில் எல்லோரும் காது என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் போனை எடுத்து "காது பேசறேன்" என்பார். இன்று காது கொதித்துப்போய் வந்தார்.

"என் மைக்குக்கு சளி புடிச்சிருச்சாம் சார். அதான் அஞ்சு டெசிபல் குறைஞ்சிருச்சாம். மேடம் அப்படித்தான் எழுதச் சொல்றாங்க. இருபது வருஷமா மைக்க என் புள்ள மாதிரி வெச்சிருக்கேன்."

மற்ற நான்கு வீடுகளில் இரண்டு பருவத்துக்கும் ஒரு டெசிபல் கூட வித்தியாசமில்லை. அதனால் நான்காம் புள்ளியின் பிப்ரவரி அளவைக் கருவிப் பழுது என்று தள்ளிவிட்டு ஆகஸ்ட் அளவையே வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் பிரிவுக்குத் தலைவரான மேடத்தின் யோசனை. அறிக்கை இருபத்தொன்றாம் தேதி போக வேண்டும்.

போகும்போது காது திரும்பி நின்றார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பின்கதவு ராத்திரி ரெண்டேகாலுக்கு, மூணே முக்காலுக்கு, அஞ்சுக்குன்னு ஏழு நாளும் கத்துது. கீலுக்கு எண்ணெய் காட்டுங்க. வீட்ல யாருக்கு வயிறு சரியில்ல?"

"நான்தான். தூக்கம் வராது. எழுந்து போய் நிப்பேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. கீழே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 9, ஞாயிறு

அத்தை மறுபடி மிஷின் பேச்சை எடுத்தார். மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்த ஒரு ரிட்டையர்டு தபால்காரர், நுரையீரல் கெட்டுப்போய் ஆக்சிஜன் மிஷின் தேடுகிறாராம். "சும்மா துணி போத்தி வெச்சிருக்கோம். இன்னொரு உசுருக்கு ஆகட்டுமே மாப்ள."

பார்க்கலாம் அத்தை என்றேன். இது நான்காவது பார்க்கலாம்.

அவள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். "எனக்கு மாமியார் இல்லாத குறைய இது தீத்து வெச்சிருச்சு. பகலும் ராத்திரியும் ஒரே முணுமுணுப்பு." மூச்சு வாங்க வாங்கச் சொல்லிவிட்டு, சொன்னதற்குத் தானே சிரித்து, சிரித்ததற்கு இருமுவாள். அறைக்குள் வைத்தால் சூடு, இரைச்சல். அதனால் பின்வாசலில் வைத்து, பதினைந்து மீட்டர் குழாயைக் கதவிடுக்கு வழியாகக் கட்டிலுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. மிஷினின் மணிக்கணக்கு மீட்டர் 4,187-ல் நிற்கிறது. அதை நான் எழுதி வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

மார்ச் 10, திங்கள்

தெரிந்துவிட்டது.

காதுவின் மைக்குக்கு ஒன்றுமில்லை. பிப்ரவரி சரி. ஆகஸ்ட்தான் தப்பு.

அறிக்கையில் போவது பத்து நிமிடச் சராசரிகள்தான். வினாடிக் கணக்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை. மதியம் எதற்கென்றே தெரியாமல் திறந்தேன். ஆகஸ்ட் 12, இரவு. கோடு சமமாகப் போகிறது. பெரிதாக்கினால் சமமில்லை, சீப்பு மாதிரிப் பற்கள். குட்டிக் குட்டிப் பல், ஒரே இடைவெளியில். எண்ணினேன். எட்டு வினாடிக்கு ஒன்று.

எட்டு வினாடிக்கு ஒரு தடவ மாமியார் புஸ்ஸுன்னு காத்து விடும். அந்த வால்வு. ஆறு மாசம் அதக் கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்தேன். அது வந்தா அவ இருக்கா. அடுத்தது வந்தா இன்னும் இருக்கா.

மைக் பின்வாசலிலிருந்து மூன்று மீட்டரில் இருந்தது. வச்சது யாரு? நான். ஆகஸ்டில் அளந்தது காது இல்லை, வேறு ஆட்கள்; "உங்க வீடுதானே சார், நீங்களே நட்டுடுங்க" என்று பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். படிவத்தையும் நானே நிரப்பினேன். இன்று எடுத்துப் பார்த்தேன். அருகில் ஒலி மூலம் ஏதும் உள்ளதா? என் கையெழுத்தில்: ஏதுமில்லை.

பொய் எழுதவில்லை. அது எனக்குச் சத்தமாகவே கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேனா? அது ஓடிக்கிட்டிருந்தவரைக்கும் வீடு அமைதியா இருந்துச்சு. இப்பத்தான் இரைச்சலா இருக்கு.

மார்ச் 11, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். எல்லை இருபத்தொன்பதுக்கு இறங்கும். நிலையம் முப்பத்து மூன்று. ஃபெயில். இடம் ஆட்டம் காணும். இடம் மாறினால் கேபிள் கரையேறும் முனை மாறும். முனை மாறினால் கடல் வரைபடமே பிரியும். கப்பல் பாதை, நங்கூரம் போடும் இடம், வலை விரிக்கும் இடம் எல்லாவற்றையும் ஒதுக்கி அந்த ஒற்றைக் கோட்டை வரையப் பதினொரு கூட்டம் ஆயிற்று.

சொல்லாவிட்டால்? காதுவின் மைக்குக்குச் சளி. அவ்வளவுதான். இருபத்தொன்றாம் தேதி அறிக்கை போய்விடும்.

இன்னொன்றையும் இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அந்த முப்பத்து நான்கு அப்படியே இருக்கட்டும் என்று இருக்கிறது. சொன்னால் அந்த ஏழு இரவுகளைக் கழிக்க வேண்டும். அதற்கு மென்பொருளில் ஒரு பெயர் இருக்கிறது: அந்நிய ஒலி. அதைத் தேர்ந்து நீக்கு என்று அழுத்த வேண்டும். சொல்லாவிட்டால், மூன்று வருஷம் கழித்து நிலையம் ஓடும்போது பின்பக்கம் மறுபடி ஒரு முணுமுணுப்பு வரும். கிட்டத்தட்ட அதே அளவு. நான் தூங்கிவிடுவேனோ என்னவோ.

எங்கள் வரிசையில் ஒன்பது வீட்டுத் தலையில் சத்தத்தைக் கட்டி நான் தூங்க வேண்டுமா. அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

எங்கள் மாடியை ஒட்டிய மாடியில் பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இடுப்பில் குழந்தை. நவம்பரில் பிறந்தது. ஒரு குண்டூசி விழுந்தால் எழுந்துகொள்ளுமாம்.

"தம்பி, அந்த ஸ்டேஷன் வந்தா சத்தம் கேக்குமா? உண்மையச் சொல்லுங்க. நீங்க அந்த ஆபீஸ்தானே."

விதிக்கு உட்பட்டுத்தான் இருக்கும்கா என்றேன். வாய்க்கு வந்தது அதுதான்.

"விதி என்ன விதி. கேக்குமா கேக்காதா?" என்றார். பிறகு பல்லில் கடித்திருந்த கிளிப்பை எடுத்துத் துணியில் மாட்டினார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெஞ்சுல குத்துது. உங்க வீட்டு மிஷின் சத்தம் எங்க ரூமுக்கு நேரா கேக்கும். நான் வயித்துப் புள்ளக்காரி. ஆறு மாசம் சரியாத் தூங்கல. இவரு போய்ச் சொல்றேன்னாரு. நான்தான் வாய மூடிட்டு இருங்க, அந்தப் பொண்ணுக்கு அது மூச்சுன்னேன்."

கைப்பிடிச் சுவரில் கிடந்த ஒரு கிளிப்பை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அன்னிக்கு ஒருநா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன் தம்பி. விடிஞ்சு எந்திரிச்சு, அப்பாடா நல்ல தூக்கம்னு இவருகிட்ட சொன்னேன். அப்பறம்தான் எதுக்குச் சத்தம் நின்னுச்சுன்னு தெரிஞ்சுது. தூங்கினதுக்காக எத்தன நாள் அழுதேன் தெரியுமா?"

குழந்தை என் சட்டைப் பையிலிருந்து பேனாவை இழுத்தது. விட்டுவிட்டேன்.

எனக்குக் கேட்காத சத்தத்தை, சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறாள். நாளைக்கு நிலையம் வந்தாலும் அக்கா வாயை மூடிக்கொண்டுதான் இருப்பார். இந்தத் தடவை மூச்சுக்காக இல்லை. என் கையெழுத்துக்காக.

மாலை காதுவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "ஞாயித்துக்கிழம வர்றேன் சார். மிஷின ஒருவாட்டி ஓட்டிப் பாத்துதான் நிரூபிக்கணும். முடியுமா?"

முடியும் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

மதியம் மூன்று மணி. தெரு தூங்கும் நேரம். காது மைக்கை அதே இடத்தில் நட்டார். நான் துணியை எடுத்து, மாமியாரைப் பின்வாசலில் அதே மூலையில் வைத்தேன். தரையில் நான்கு கால் தடமும் இருந்தது. நேராகப் பொருந்தியது.

ஸ்விட்சைப் போட்டால் முதலில் நீளமாக ஒரு பீப் வரும். பிறகு உறுமல். பிறகு புஸ்.

ஒரு தப்புப் பண்ணிட்டேன். அத்தைகிட்ட சொல்லல. ஆள் வருவார் என்று சொன்னேன், மிஷின் ஓடும்னு சொல்லல. அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் மிஷினைப் பார்க்கவில்லை. குழாய் எங்கே போகிறது என்று பார்த்தது. குழாய் மாட்டவே இல்லை.

"யாரு போட்டது?" அவ்வளவுதான் கேட்டார்.

"நான்தான் அத்தை. சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மிஷினுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஃபில்டரைத் தொட்டுப் பார்த்து, "தூசி அடஞ்சிருக்கு" என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காது திரையைக் காட்டினார். பல். எட்டு வினாடிக்கு ஒன்று. ஆகஸ்டில் இருந்த அதே சீப்பு.

அதற்குப் பிறகு எதுவும் தெரியாது.

விழித்தபோது வெயில் சுவர் ஏறிவிட்டது. கழுத்து வலித்தது. மேலே ஒரு போர்வை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காது படிக்கட்டில் குந்தி, அத்தையிடம் தன் சர்க்கரை வியாதிக் கதையைக் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷம் போதும் சார். நீங்க தூங்கிட்டீங்க. அணைக்க மனசு வரல."

மீட்டர் 4,189.

நானே அணைத்தேன். கடைசி புஸ் பாதியில் நின்றது. அத்தை முதலில் அழுதார். பிறகு நான். அக்டோபரில் அழவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். காது பாவம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றி முடித்த வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

மார்ச் 17, திங்கள்

மேடம் கதவைச் சாத்தச் சொன்னார். வரைபடத்தையும் படிவத்தையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இது உங்களத் தவிர யாருக்கும் தெரிஞ்சிருக்காது இல்ல?"

"தெரிஞ்சிருக்காது மேடம்."

"பதினொரு கூட்டம். எந்தக் கூட்டத்துல செருப்பு பறந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"ஏழாவதுல. எனக்குப் பக்கத்துலதான் விழுந்துச்சு."

சிரித்துவிட்டார். சிரிப்பு சீக்கிரம் போய்விட்டது. "அந்த ஆகஸ்ட் மாசம் நான் உங்கள லீவுல அனுப்பியிருக்கணும். வேல தலைக்கு மேல இருக்குன்னு புடிச்சு வெச்சேன். பெட்டிய உங்க கையில குடுக்க விட்டதும் என் தப்புதான்." பிறகு, "நான் எழுதட்டுமா? நீங்க எழுத வேண்டாம்."

"என் கையெழுத்து மேடம். நானே எழுதறேன்."

மார்ச் 18, செவ்வாய்

நீக்கியதற்கான காரணம் என்று ஒரு கட்டம். மூன்று வரிதான் பிடிக்கும். காலையிலிருந்து நான்கு தடவை எழுதி அழித்தேன். கடைசியில் இப்படி:

அளவிடும் இடத்திலிருந்து மூன்று மீட்டரில் நோயாளிக்கான ஆக்சிஜன் கருவி இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கியது. படிவத்தில் குறிப்பிடத் தவறியது என் பிழை. நோயாளி இப்போது இல்லை.

மூன்றாவது வாக்கியம் விதிப்படி தேவையில்லை. இருக்கட்டும்.

நீக்கு என்று அழுத்தினேன். 'உறுதியா?' என்று கேட்டது. கம்ப்யூட்டர்கூட இன்னொரு தடவை கேட்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கூடம் நிரம்பிவிட்டது. மேடம் எழுந்து, ஆகஸ்ட் அளவு தப்பு, எல்லை இறங்குகிறது, மறுபடி ஆகஸ்டில் அளக்கும்வரை அனுமதி நிற்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். யார் தப்பு என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் எழுந்து நின்றேன். எப்படி என்று கேட்டார்கள். சொன்னேன். கூடம் கொஞ்ச நேரம் பின்னணிச் சத்தத்துக்கு இறங்கியது.

அப்புறம் படகு சங்கத் தலைவர் எழுந்தார். ஏழாவது கூட்டத்தில் செருப்பை விட்டவர் அவர்தான்.

"தம்பி, உக்காருப்பா. ஒரு சந்தேகம். சத்தம் போடறது அந்த விசிறிதானே? அத வீட்டுப் பக்கம் பாத்து எதுக்கு வெச்சீங்க?"

ரோட்டிலிருந்து பராமரிக்க வசதி என்று யாரோ சொன்னார்கள்.

"கடல்ல உங்களுக்காக நாங்க வலையவே நகத்தினோம். கரையில நீங்க ஒரு விசிறிய நகத்த மாட்டீங்களா? எங்க பக்கம் திருப்பி வையுங்கய்யா. அலைச் சத்தத்துல அது யாரு காதுல விழப்போவுது!"

கூடம் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். என் பக்கம் குனிந்து, "முடியுமா?" என்றார்.

விசிறிகளைக் கடல் பக்கம் திருப்பி, டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஒரு கூடு கட்டினால் எவ்வளவு குறையும்? பேப்பரின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு கணக்குக்காக எனக்குப் பசித்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இருபத்தெட்டு டெசிபல். நிலையம் அதே இடத்தில். கேபிள் அதே கோட்டில்.

மே 18, ஞாயிறு

மாமியாரைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பியாச்சு.

நானும் அத்தையும்தான் கொண்டுபோனோம். தபால்காரர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி மிஷினைப் பார்த்துப் பயந்தார். வாரம் ஒரு தடவை ஃபில்டரைக் கழுவுங்கள், எட்டு வினாடிக்கு ஒரு தடவை புஸ்ஸென்று விடும், பயப்படாதீர்கள் என்றேன். பின்பக்கம் வைத்தால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வையுங்கள் என்றும் சொன்னேன்.

"பேர் ஏதாச்சும் வெச்சிருந்தாளா இதுக்கு? அவ எதுக்கும் பேர் வைப்பாளே" என்று அத்தை திரும்பி வரும்போது கேட்டார். ஆறு மாதம் கூடவே இருந்தவருக்கு அது தெரியாதா? எனக்கும் அவளுக்கும் நடுவில் மட்டும்தான் அந்தப் பேர் இருந்திருக்கிறது.

சொன்னேன். அத்தை சிரித்தார். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் வந்தார்.

ஆகஸ்ட் 13, புதன்

காது மைக்கை நட்டுவிட்டுப் படிவத்தை நீட்டினார். அருகில் ஒலி மூலம் ஏதும் உள்ளதா?

உடனே எழுதவில்லை. பின்வாசலில் பத்து நிமிடம் கண்ணை மூடி நின்றேன். எங்கள் ஃப்ரிட்ஜ், மெல்லியதாக. இடது சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குழந்தை, "த்தா த்தா" என்று எதற்கோ உத்தரவு போட்டுக்கொண்டு. அத்தையின் ரேடியோ. மூன்றையும் எழுதினேன்.

"புள்ளைய எல்லாம் எழுத வேண்டாம் சார்."

"இருக்கட்டும்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காதுவிடமிருந்து காலையில் போன். நான்காம் புள்ளி, ஏழு இரவு, இருபத்தொன்பது. பிப்ரவரியோடு அச்சாகப் பொருந்துகிறது. "என் மைக்குக்குச் சளி இல்லன்னு இப்பவாச்சும் ஒத்துக்கறீங்களா?" மேடத்திடம் சொல்லிச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"அப்பறம் சார், பின்கதவுக்கு எண்ணெய் போட்டுட்டீங்க போல. ராத்திரியில ஏழு நாளும் ஒருவாட்டிகூடக் கத்தல."

எண்ணெய் போடவில்லை. கீல் இன்னும் கத்துகிறது. காலை ஆறரைக்கு, அத்தை திறக்கும்போது. அந்தச் சத்தத்தில்தான் எழுந்தேன்.